ஃபிராக்கிங் பற்றி ஒரு கேள்வி, ஒரு வரிப் பதில்: எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வி எப்போது அரசை அசைக்கிறது?

வெள்ளிவீதி எழுதியது:

2022 அக்டோபர் 26 அன்று ரிஷி சுனக் பிரிட்டன் பிரதமராகத் தம் முதல் கேள்வி நேரத்தைச் சந்தித்தார். முந்தைய நாள் டவுனிங் தெரு வாசலில் நின்று, தம் கன்சர்வேட்டிவ் கட்சியின் 2019 தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகளை நிறைவேற்றுவேன் என்று சொல்லி, வலுவான சுகாதார சேவை, மேலான பள்ளிகள், பாதுகாப்பான தெருக்கள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று அவர் வரிசைப்படுத்தியிருந்தார். பசுமைக் கட்சியின் ஒரே நாடாளுமன்ற உறுப்பினரான கேரொலைன் லூக்கஸ் எழுந்து, அதே அறிக்கையில் ஃபிராக்கிங்குக்கான இடைக்காலத் தடையும் இருந்ததை நினைவூட்டி, அதை மீண்டும் கொண்டுவருவீர்களா என்று கேட்டார். அந்த விஷயத்தில் தேர்தல் அறிக்கையையே பின்பற்றுகிறேன் என்று சுனக் பதில் சொன்னார். தடை திரும்புகிறது என்று பிரதமர் அலுவலகமும் அன்றே உறுதி செய்தது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். பூமிக்கடியில் உள்ள பாறை அடுக்குகளுக்குள் மிகுந்த அழுத்தத்தில் நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் செலுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதுதான் ஃபிராக்கிங். 2019 ஆகஸ்டில் லங்காஷயரின் பிரெஸ்டன் நியூ ரோடு தளத்தில் 2.9 அளவில் நிலம் அதிர்ந்ததை அடுத்து, அந்த ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் இதற்குத் தடை வந்தது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு அதை நீக்கியது. அக்டோபர் 19 அன்று தொழிற்கட்சி இதை எதிர்த்துக் கொண்டுவந்த தீர்மானம் 230க்கு 326 என்று தோற்றது. அந்த வாக்கெடுப்பின்போது ஆளுங்கட்சிக்குள் ஏற்பட்ட குழப்பத்தின் மறுநாள் டிரஸ் பதவி விலகலை அறிவித்தார்.

பெரிய எதிர்க்கட்சி ஒரு முழு நாள் விவாதம் நடத்தி அடைய முடியாததை, ஒரு வாரத்துக்குள் ஓர் உறுப்பினரின் ஒரு கேள்வி அடைந்தது. நான் லூக்கஸின் பிரைட்டன் பெவிலியன் தொகுதியில் வசிப்பவன். 2010இல் 1,252 வாக்கு வித்தியாசத்தில் நுழைந்து 2024 வரை அங்கே இருந்த அவர், காலநிலையையும் பொதுச் சேவைகளையும் ஒரே கணக்கில் வைத்துக் கேள்வி கேட்டவர். அவற்றில் எவை பலித்தன, எவை காற்றோடு போயின என்பதை இங்குள்ளவர்கள் சேர்ந்து பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

கீழக்கரையான் எழுதியது:

வெள்ளிவீதி ஐயா, நிகழ்வுகளைச் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் தடை திரும்பியதற்குக் கேள்வியைக் காரணமாக்குவது அந்தக் கேள்விக்கு அளவு மீறிய பலத்தைக் கொடுப்பதாகும். டிரஸ் காலத்துக் குழப்பத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் சுனக்குக்கு இருந்தது. லங்காஷயர் போன்ற இடங்களின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களே தங்கள் தொகுதியில் துளையிடுவதை விரும்பவில்லை. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் நெட் ஜீரோ இலக்குக்குச் சட்ட வடிவில் கையெழுத்திட்ட கிறிஸ் ஸ்கிட்மோர், அக்டோபர் 19 வாக்கெடுப்பில் தம் அரசுடன் வாக்களிக்க முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார். லூக்கஸ் கேட்டிருக்காவிட்டாலும் வேறொருவர் கேட்டிருப்பார், இல்லையென்றால் ஒரு செய்தியறிக்கை வந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஷெட்லாந்துத் தீவுகளுக்கு மேற்கே உள்ள ரோஸ்பேங்க் எண்ணெய் வயலைப் பற்றி இதே லூக்கஸ் எத்தனையோ முறை கேட்டார். 2023 செப்டம்பர் 27 அன்று அதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த ஒப்புதல் சட்டப்படி செல்லாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது எடின்பரோ நீதிமன்றம். கம்பிரியா நிலக்கரிச் சுரங்க அனுமதியை 2024 செப்டம்பரில் ரத்து செய்ததும் நீதிமன்றமே. காலநிலை விஷயத்தில் அரசைக் கட்டுப்படுத்தியது 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டமும், அதை வைத்து வழக்காடியவர்களும் என்பது என் கருத்து.

நெடுவயல் எழுதியது:

தஞ்சையிலிருந்து எழுதுகிறேன். 2017இல் நெடுவாசல் போராட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்கு, பூமியைத் துளைத்து எரிவாயு எடுக்கும் திட்டங்கள் மீதான கேள்விகள் அந்நியமானவை இல்லை. எனக்கு நடைமுறை சார்ந்த ஒரு சந்தேகம். நம் மக்களவையில் கேள்வி நேரத்தில் ஒன்றைக் கேட்க வேண்டுமானால் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அமைச்சர் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலோடு வருவார். துணைக் கேள்வியில்தான் கொஞ்சம் உயிர் இருக்கும். பூஜ்ய நேரத்தில் எழுப்பினால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே பிரதமருக்குக் கேள்வி முன்கூட்டியே தெரியுமா? ஒரே உறுப்பினரை உடைய கட்சிக்கு எப்படி வாய்ப்புக் கிடைக்கிறது?

வெள்ளிவீதி எழுதியது:

நெடுவயல் அவர்களுக்கு: புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகளும், மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டும் உண்டு. மற்றவர்கள் குலுக்கலில் பெயர் வந்தால் கேட்கலாம். பெயர் வராதவர்கள் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இருக்கையிலிருந்து எழுந்து எழுந்து நின்று சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும். கேள்வியின் பொருளை முன்பே சொல்ல வேண்டியதில்லை. பிரதமருடைய அலுவலகம் ஊகித்துத் தயாராகலாம், அவ்வளவுதான்.

கீழக்கரையான் ஐயாவுக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. அரசியல் சூழல் கனிந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சுனக், சில மாதங்களுக்கு முன் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, உள்ளூர் மக்கள் சம்மதித்தால் ஃபிராக்கிங்கை ஆதரிப்பேன் என்று பேசியவர். புதிய அமைச்சரவைக்கு நேரம் கிடைத்திருந்தால், உள்ளூர்ச் சம்மதம் என்ற அந்த நடுவழி மீண்டும் எடுக்கப்பட்டிருக்கக்கூடும். அந்த நேரத்தை லூக்கஸின் கேள்வி கொடுக்கவில்லை. முந்தைய நாள் பிரதமர் தம் வாயால் சொன்ன சொல்லையும், அவர் கட்சி அச்சிட்டு வெளியிட்ட வரியையும் அவர் முன்னால் வைத்தது. இரண்டையும் மறுத்தால் பதவியேற்ற மறுநாளே வாக்குத் தவறியவர் ஆவார். ஏற்றால் கொள்கை மாறும். மூன்றாவது வழி எதுவும் இருக்கவில்லை. சபையில் சொன்ன பதில் நாடாளுமன்றப் பதிவேடான ஹான்சார்டில் பதிவாகிறது, அதன் பிறகு துறை அதிகாரிகளுக்கு அதுவே அரசின் நிலை.

ரோஸ்பேங்க் விஷயத்தில் இப்படி ஒரு பிடி கிடைக்கவில்லை. புதிய எண்ணெய் வயல் திறக்கமாட்டோம் என்று அந்த அரசு எங்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நீங்கள் சுட்டிய நீதிமன்ற வெற்றிகளும் இதே வகையில் வந்தவையே. அரசு எதை எண்ணிப் பார்க்கச் சட்டப்படி கடமைப்பட்டிருந்ததோ, அதை எண்ணிப் பார்க்கவில்லை என்று காட்டியதால்தான் அவை கிடைத்தன.

யாழ்தேவி எழுதியது:

நான் லண்டனில் தாதியாக வேலை செய்பவள். இந்த இழையில் எல்லோரும் துளையிடுதலையும் எண்ணெயையும் பற்றியே பேசுகிறீர்கள். பொதுச் சேவைகள் பற்றியும் வெள்ளிவீதி அண்ணா தொடங்கியபோது சொன்னார், ஆனால் அது பின்னால் போய்விட்டது. எனக்கு அதுதான் முதலாவது.

2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பநிலை 40.3 பாகை செல்சியஸ் வரை ஏறியது. இந்த நாட்டில் 40 பாகை தாண்டியது அதுவே முதல் முறை. அன்று கைஸ், செயின்ட் தோமஸ் வைத்தியசாலைகளின் கணினி மையங்கள் வெப்பத்தால் செயலிழந்து, சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. முழுமையாக வழமைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கிங்ஸ் குரொஸிலிருந்து வடக்கே போகும் பிரதான புகையிரதப் பாதை மூடப்பட்டது. லண்டன் தீயணைப்புப் படை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தனது மிகப் பரபரப்பான நாள் அதுவென்று சொன்னது. அந்தக் கோடையின் வெப்ப அலைகளில் இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 2,800 பேர் வழமையைவிட அதிகமாக இறந்தார்கள் என்று அரசாங்கத்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகமே கணக்கிட்டது.

வெயில் காலத்தில் வைத்தியசாலை விடுதியில் படுத்திருக்கும் முதியவருக்கு, காலநிலை என்பதும் பொதுச் சேவை என்பதும் இரண்டு அமைச்சுகளின் விடயங்கள் இல்லை. குளிர் நாட்டுக்காகக் கட்டப்பட்ட கட்டடம், திறக்க முடியாதபடி பூட்டிய சாளரங்கள், ஆட்பற்றாக்குறை, எல்லாம் ஒரே கட்டிலின் மேல் வந்து சேர்கின்றன. பாராளுமன்றத்தில் சுகாதாரம் பற்றிக் கேட்பவர்கள் காத்திருப்போர் பட்டியலைப் பற்றிக் கேட்கிறார்கள், காலநிலை பற்றிக் கேட்பவர்கள் 2050ஐப் பற்றிக் கேட்கிறார்கள். லூக்கஸ் அம்மையார் இரண்டையும் ஒன்றாக எடுத்ததால்தான் அவரை நான் கவனித்தேன்.

செங்கல் எழுதியது:

யாழ்தேவி அக்காவின் பதிவோடு வீடுகளையும் சேர்க்க வேண்டும். நான் பழைய வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைக்கும் தொழிலில் இருப்பவன். இந்த விஷயத்தில் கடந்த இருபது ஆண்டுகளின் கதை எனக்கு மிகுந்த வேதனை தருவது.

2016 முதல் கட்டப்படும் எல்லாப் புது வீடுகளும் கரிம உமிழ்வு அற்றவையாக இருக்க வேண்டும் என்று 2006இல் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. கட்டுமான நிறுவனங்கள் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, 2015 ஜூலையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதைக் கைவிட்டார். அதே மாதத்தில், வீட்டுக் காப்புக்குக் கடன் தந்த கிரீன் டீல் திட்டத்துக்கும் அரசு நிதியை நிறுத்தியது. 2020 செப்டம்பரில் கிரீன் ஹோம்ஸ் மானியம் வந்தது. 6 லட்சம் வீடுகள் இலக்கு என்றார்கள். ஆறே மாதத்தில் மூடிவிட்டார்கள். பயன் சென்றடைந்தது ஏறத்தாழ 47,500 வீடுகளை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. லூக்கஸ் உறுப்பினராக இருந்த சுற்றுச்சூழல் தணிக்கைக் குழுவும் இந்தத் திட்டத்தின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தது.

மானியத்தை நம்பி ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த சிறு நிறுவனங்கள், திட்டம் மூடப்பட்டதும் அவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த திட்டம் வரும்போது பயிற்சி பெற்ற ஆள் இருக்கமாட்டார். இதை எத்தனை முறை பார்த்தாயிற்று! பிறகு எரிவாயு விலை ஏறியது. ஒரு சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திச் செலவுக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. 2022 அக்டோபருக்கு அறிவிக்கப்பட்ட தொகை 3,549 பவுண்டு. அரசு தலையிட்டு அதை 2,500 அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. சுவரிலும் கூரையிலும் காப்பு இருந்திருந்தால் அந்தப் பொதுப் பணத்தில் கணிசமான பகுதி தேவைப்பட்டிருக்காது.

அந்த நேரத்தில்தான் உள்நாட்டில் ஃபிராக்கிங் செய்தால் விலை குறையும் என்ற வாதம் எழுந்தது. இங்கே எடுக்கும் வாயு ஐரோப்பியச் சந்தை விலைக்கே விற்கப்படும். விலையை மாற்றும் அளவுக்கு உற்பத்தி விரைவில் வரவும் வழியில்லை. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பெரும் லாபத்தின் மீது 2022 மே மாதம் விதித்த வரியிலும், புதிய எண்ணெய், எரிவாயு முதலீட்டின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 91 பென்ஸ் வரிச்சலுகை என்று ஒரு வழியைத் திறந்து வைத்தார்கள். லூக்கஸ் அதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். துளையிடுபவருக்கு 91 பென்ஸ், கூரைக்குக் காப்பு வைக்க நினைக்கும் ஓய்வூதியருக்கு மூடிய மானியம் என்பது எந்த வகையில் நியாயம் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கீழக்கரையான் எழுதியது:

செங்கல் தம்பி சொல்லும் விவரங்களை ஏற்கிறேன். ஆனால் ஒரு சங்கடமான விஷயத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் கேள்வி கேட்பது ஒன்று, பொறுப்பில் அமர்ந்து சேவையை நடத்துவது இன்னொன்று. பிரைட்டன் நகரசபை 2011 முதல் 2015 வரை பசுமைக் கட்சியின் நிர்வாகத்தில் இருந்தது. பிரிட்டனிலேயே அந்தக் கட்சி நடத்திய முதல் நகரசபை அது. 2013இல் ஊதியப் படிகளை மாற்றியமைத்ததால் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தெருக்களில் குப்பை குவிந்தது. 2021இலும் ஒரு குப்பை வேலைநிறுத்தம் வந்தபோது நிர்வாகம் மீண்டும் அதே கட்சியிடம் இருந்தது. 2023 உள்ளாட்சித் தேர்தலில் நகர மக்கள் அவர்களைக் கடுமையாகத் தண்டித்தார்கள். குப்பை அகற்றுவதும் பொதுச் சேவைதானே? தம் ஊரில் கட்சியால் நடத்த முடியாததை அரசிடம் எந்த உரிமையோடு கேட்பது?

வெள்ளிவீதி எழுதியது:

நியாயமான கேள்வி. 2013இல் அந்தத் தொழிலாளர்களோடு மறியலில் போய் நின்றவர்களில் லூக்கஸும் ஒருவர். தம் கட்சி நடத்திய நகரசபைக்கு எதிராக நின்றார். கட்சிக்குள் அதனால் கசப்பு ஏற்பட்டது. ஒரு மக்கள் பிரதிநிதியிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆள்பவர் தம் கட்சிக்காரராக இருந்தாலும் கேள்வி மாறக்கூடாது. நகரசபை செய்த தவறுகளுக்கு இது பரிகாரம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவறுகளுக்கான விலையை வாக்காளர்களாகிய நாங்கள் வசூலித்துவிட்டோம். ஆயினும் 2010இல் 1,252ஆக இருந்த லூக்கஸின் வித்தியாசம் 2019இல் 19,940ஆக உயர்ந்தது. நகரசபையையும் அவரையும் மக்கள் தனித்தனியே எடைபோட்டார்கள் என்றே இதைப் படிக்கிறேன்.

தோற்ற கேள்விகளைப் பற்றியும் எழுத வேண்டும். 2015 ஜூலையில், சுகாதார சேவையிலிருந்து சந்தை முறையை நீக்கி முழுமையாகப் பொது அமைப்பாக மீட்கும் மசோதாவை லூக்கஸ் கொண்டுவந்தார். 2016 மார்ச்சில் அது விவாதத்துக்கு வர வேண்டிய வெள்ளிக்கிழமையன்று, அதற்கு முந்தைய மசோதாவின் மீது ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மணிக்கணக்கில் பேசி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். இதற்குச் சில நிமிடங்களே மிஞ்சின. வாக்கெடுப்பே நடக்கவில்லை. மறுத்துத் தோற்கடித்திருந்தால்கூட யார் எந்தப் பக்கம் என்பது பதிவாகியிருக்கும்.

ஆனால் 2013இல் அவர் கொண்டுவந்த ரயில்வே மசோதாவைப் பாருங்கள். தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தம் முடிய முடிய, பயணிகள் சேவையை ஒவ்வொன்றாக அரசே ஏற்க வேண்டும், இழப்பீடு கொடுத்து நடுவில் பறிக்க வேண்டியதில்லை என்பது அதன் வழிமுறை. அதுவும் விவாதத்துக்கு வராமலே காலாவதியானது. 2024 நவம்பரில் தொழிற்கட்சி அரசு நிறைவேற்றிய சட்டம், ஒப்பந்தம் முடியும் வரிசையில் ரயில் சேவைகளைப் பொது உடைமைக்குக் கொண்டுவருகிறது. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலாவதாக வந்தது. லூக்கஸின் மசோதாவைப் பார்த்துத்தான் இதை எழுதினார்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை, தொழிற்சங்கங்கள் அதற்கு முன்பிருந்தே கேட்டுவந்தன. ஆனாலும் 2013இல் யாரும் கேட்க வராத ஒரு வெள்ளிக்கிழமைக்காக எழுதிய வழிமுறை, இன்று நாட்டின் சட்டமாக இருக்கிறது. காரைவிட ரயிலில் போவது எளிதாகவும் மலிவாகவும் இல்லாத நாட்டில் உமிழ்வைக் குறைக்க முடியாது என்பதால், இதையும் காலநிலைக் கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

நெடுவயல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. இன்னொன்று: 2015 தேர்தலில் பதினொரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கிய கட்சிக்கு ஒரே இடம் கிடைத்தது என்று படித்தேன். நம்முடையதும் அதே தேர்தல் முறைதான். ஒரே ஆள் எல்லாத் துறைகளையும் பார்க்க வேண்டிய நிலையில், எழுத்து மூலமான கேள்விகளுக்கு அங்கே மதிப்பு உண்டா? இங்கே அவற்றுக்கு வரும் பதில்களில்தான் உண்மையான எண்கள் கிடைக்கின்றன.

வெள்ளிவீதி எழுதியது:

நிச்சயமாக உண்டு. தேதி குறித்துக் கேட்கும் கேள்விக்கு அந்த நாளிலும், மற்றவற்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரத்திலும் பதில் வர வேண்டும். எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியாகும். கேமரா இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அமைச்சர் கையெழுத்திட்ட எண் அங்கே கிடைத்துவிட்டால் அடுத்த புதன்கிழமைக்கு அதுவே ஆதாரம். ஃபிராக்கிங் கேள்வியின் பலம் தேர்தல் அறிக்கையிலிருந்து வந்தது. வீட்டுக் காப்புக்கும் வைத்தியசாலை வெப்பத்துக்கும் அப்படிப்பட்ட எழுத்து வாக்குறுதி இல்லாததால், அரசின் வாயிலிருந்தே எண்ணை வரவழைக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டும்.

யாழ்தேவி எழுதியது:

அப்படியென்றால் எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வைத்தியசாலைகள் தங்கள் கட்டடங்கள் பற்றி ஆண்டுதோறும் கொடுக்கும் தரவுகளில், நோயாளர் இருக்கும் இடங்களில் வெப்பநிலை 26 பாகையைத் தாண்டிய சம்பவங்களும் எண்ணப்படுகின்றன. அந்த எண்ணிக்கையைக் குறைக்க எந்த ஆண்டுக்குள், எவ்வளவு பணம் என்று யாரும் பொறுப்பேற்றதாக நான் காணவில்லை. என் தொகுதி உறுப்பினருக்கு இப்படி எழுத எண்ணுகிறேன்: "எமது பகுதி வைத்தியசாலைகளில் கடந்த ஐந்து ஆண்டுகளில் 26 பாகையைத் தாண்டிய சம்பவங்கள் எத்தனை, அவற்றுக்குப் பிறகு எத்தனை விடுதிகளில் குளிரூட்டலோ நிழல் அமைப்போ செய்யப்பட்டது, மீதமுள்ளவற்றுக்கான நிதி எந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டுள்ளது என்று சுகாதார அமைச்சரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்." திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

செங்கல் எழுதியது:

அக்கா, "செய்யப்பட்டது" என்பதோடு "எந்தத் தேதியில் முடிந்தது" என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் நடந்துகொண்டிருக்கும் வேலைகளையும் முடிந்தவையாக எண்ணிவிடுவார்கள். நிழல் அமைப்பைக் குளிரூட்டலிலிருந்து பிரித்துக் கேளுங்கள், ஏனென்றால் வெளிப்புறத் தடுப்புகளுக்குச் செலவு குறைவு, மின்சாரமும் வேண்டாம். அவற்றை ஏன் முதலில் செய்யவில்லை என்று அடுத்த கேள்விக்கு அது வழி விடும்.

கீழக்கரையான் எழுதியது:

இந்தக் கேள்வியை நானும் என் உறுப்பினருக்கு அனுப்புகிறேன். அவர் ஆளுங்கட்சிக்காரர். தொகுதிக்கு வெளியே இருந்து வரும் கடிதங்களை உறுப்பினர்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே இங்கே பிரிட்டனில் இருப்பவர்கள் அவரவர் தொகுதிக்கே, முழு முகவரியோடு எழுதுங்கள். பதில் வந்ததும் இதே இழையில் பதியுங்கள். தொகுதிவாரியாக நான் அட்டவணை போட்டு வைக்கிறேன்.